பல்சக்கரத்தில் ஒட்டிய பொட்டு

சுசீந்திரம் பேருந்தில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மைத்துனரிடம் சொன்னார்:

"எனக்க பொட்டாக்கும்னு உம்ம தங்கச்சி பிச்சு எடுத்துட்டா மச்சான்."

"எங்கேருந்து?"

"கார் எஞ்சின்லேருந்து. டைமிங் பெல்ட்ட வீட்டுலயே மாத்துனேன். பெல்ட்டு எந்தப் பல்லுல இருந்துதுன்னு அடையாளத்துக்குப் பல்சக்கரத்துல ஒட்டுன பொட்டு. அது போன பொறவு நெனைவுலதான் புது பெல்ட்ட மாட்டினேன்."

"ஒரு பல்லு மாறுனா எஞ்சினே போச்சுல்லா மக்கா. ஸ்டார்ட் பண்ணுமுன்ன எஞ்சின கையால சுத்திப் பாத்தியா?"

"இல்ல. மத்தியானம் அந்த வண்டியிலதான் மவள ஏர்போட்டுல விடணும்."

கைபேசி அடித்தது. மனைவி.

"ஏட்டி, சாவியத் தொடாத... ஸ்டார்ட் பண்ணியாச்சா?" கைபேசியைக் காதோடு அழுத்தினார். "டகடகன்னு கேக்கு மச்சான்."

மைத்துனர் வாங்கிக் கேட்டார். "லேய், அது நம்ம பஸ்சுல்லா."

கோட்டாறில் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

"இப்ப கேளு," என்று மைத்துனர் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் கேக்கல்ல மச்சான். ஏட்டி, வண்டி ஓடுதா, நின்னுட்டா?"