இரண்டாவது சுற்று

ஓடுகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடச் சுலபமான நல்ல காரியம் எதுவும் இல்லை, ஐயா. அன்றைக்குப் பாதி ஊர் சாலையோரம் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கோப்பைகளை நீட்டினார்கள். பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக் வாசலில் மேசை போட்டுத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். அவர்களில் ஒருவரையும் நீங்கள் இங்கே கூட்டி வந்து உட்கார வைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். நானும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இந்த ஊரில் மாரத்தான் தொடங்கிய காலத்தில் ஓடியவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவோம். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நாய் துரத்தும். அப்போதிருந்தே ஒவ்வொரு வருடமும் ஓடினேன். கால் நீளம், மூச்சு நீளம். குதிரை என்று பெயர் வைத்தார்கள். நானாகக் கேட்டு வாங்கிய பெயர் இல்லை அது. பேருக்கும் புகழுக்கும் அலைகிற ஆள் இல்லை நான். அதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு ஓட்டமே ஆகாது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டான், அடுத்த பஸ் வரும் என்பான். நல்ல பையன். சிரித்த முகம். ஒரு வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிற கிழவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் இரண்டு கிட்னியும் போயின. முகம் வீங்கி, கால் வீங்கி, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு அவனைக் கட்டிப்போட்டார்கள். அங்கே நான் துணைக்கு உட்கார்ந்திருப்பேன். தண்ணீரும் உப்பும் உடம்புக்குள் ஒன்றை ஒன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன, ஒன்று ஏறி மற்றது இறங்கினால் மூளைக்கு என்ன ஆகும் என்றெல்லாம் அந்த வார்டு நர்ஸ்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வீட்டு மனிதர்கள் தெரிந்து வைத்திருக்கட்டும் என்று சொன்னார். நானும் கவனமாகக் கேட்டேன்.

என் கிட்னி அவனுக்குப் பொருந்தியது. அம்மா என்னை ஆஸ்பத்திரி வராந்தாவின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பெரியவனே, உனக்கென்னடா, இரும்பு மாதிரி உடம்பு. உனக்கு ஒண்ணு போதும்டா."

கேட்கவில்லை, ஐயா. போதும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுக்கிற அண்ணன் எவனாவது உண்டா? கையெழுத்துப் போடும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இதை யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதே. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். அப்படிச் சொல்வதுதான் அழகு என்று அப்போது தோன்றியது.

எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டில் விஷயம் தெரிந்து மெல்லப் பின்வாங்கினார்கள். மரியாதையாகத்தான் பின்வாங்கினார்கள், பழங்களெல்லாம் வாங்கி வந்து. நான் ஓட்டத்தையும் விட்டேன். சில மாதம் கழித்து ஓடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒருநாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். விலாவில் தையல் போட்ட இடத்தை யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

அவன் தேறினான். தேறியதும் நடக்க ஆரம்பித்தான். நடந்தவன் ஓட ஆரம்பித்தான். என் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓடினான். அவனுக்கு அது ஒரு அளவு பெரிது. நானே முன்பக்கம் பஞ்சு வைத்துக் கொடுத்தேன்.

போன வருடம் பாதி மாரத்தான் ஓடி முடித்தான். எல்லோரும் போன பிறகு, நொண்டிக்கொண்டு, கடைசியாகத்தான் வந்தான். ஆனால் யாருக்கோ விஷயம் தெரிந்திருக்கிறது. மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். செத்துப் பிழைத்தவன், மாற்றுக் கிட்னியோடு ஓடுகிறவன் என்று கைதட்டினார்கள். நான் கூட்டத்தில் அவன் துண்டையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு இந்த உயிரைக் குடுத்தது ஒரு நல்ல மனசு. அவங்க பேரைச் சொல்றது அவங்களுக்குப் பிடிக்காது. அவங்களுக்காகத்தான் ஓடறேன்" என்றான்.

ஒரு நல்ல மனசு. அவங்க. யாரோ ரயிலில் வந்த வழிப்போக்கன் கொடுத்துவிட்டுப் போனதுபோல. வீட்டுக்கு வரும் வழியில், சும்மா பேச்சுவாக்கில், அதைக் கேட்டேன். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீதானேண்ணா சொல்லக்கூடாதுன்னே? நான் சொன்னா நீ கோவிச்சுப்பேன்னு பயந்துகிட்டே பேசினேன். சொல்லட்டுமா? அடுத்த தடவை சொல்லிடட்டுமா?"

"சேச்சே, வேண்டாம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த வாரமே ஓட்டக்காரர்கள் அவனைச் சின்னக் குதிரை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சின்ன என்பதும் உதிர்ந்துபோயிற்று. ஒருநாள் மைதானத்தில் "குதிரை!" என்று யாரோ கூப்பிட, நான் திரும்பினேன். அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை.

இந்த வருடம் முழு மாரத்தான் ஓடுவேன் என்றான். டாக்டரும் சம்மதித்தார். மெதுவாக ஓடு, தண்ணீர் விடாமல் குடி, உப்புக் குறையாமல் பார்த்துக்கொள் என்றார். தம்பி மனைவிக்கு மனசே இல்லை. "மாமா, நீங்க கூட இருக்கறதா இருந்தா அனுப்பறேன்" என்றாள். இருக்கிறேன் என்றேன். சைக்கிளில் கூடவே வந்து அங்கங்கே நின்று குடிக்கக் கொடுப்பதாக ஏற்பாடு. மற்றதெல்லாம் நடுவில் யார் யாரோ கொடுப்பது, அண்ணன் கையால் கொடுப்பதை மட்டும் நம்பிக் குடி என்று அவளே அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். பாட்டில்களை நான் வீட்டில் கலந்து எடுத்து வந்தேன்.

காலையில் மேகமூட்டம். லேசான தூறல். ஓட்டக்காரர்களுக்கு அதைவிடச் சுகமான நாள் அமையாது. மைதானம் முழுக்கத் தைல வாசம். கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை. நெஞ்சில் எண் குத்திக்கொள்ள ஊக்கு கிடைக்காமல் ஒரு வக்கீல் எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். தம்பிக்கு நான்தான் குத்திவிட்டேன்.

இந்த ஊர் ரொம்பப் பெரியதில்லை. அதனால் முழு மாரத்தானுக்கு ஒரே பாதையை இரண்டு தடவை சுற்ற வேண்டும். முதல் சுற்றில் திருவிழாக் கூட்டம்தான். பேண்டு வாத்தியம், அட்டையில் கிறுக்கிய வாசகங்கள், மாடியிலிருந்து டம்ளரைத் தட்டும் பாட்டிகள். பார்வையில்லாத ஒருவர் தன் மகளின் மணிக்கட்டோடு கயிறு கட்டிக்கொண்டு ஓடினார். அவர் கடக்கும்போது தெருவே எழுந்து நின்றது. முதல் சுற்று முடிந்ததும் பாதி மாரத்தான்காரர்கள் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது சுற்றில் யாரும் இருக்கமாட்டார்கள். பேண்டுக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். தடுப்புகளை எடுத்து லாரியில் போடுவார்கள். மிதிபட்ட காகிதக் கோப்பைகள் சாலை முழுக்க நனைந்து கிடக்கும். ஒரு மனிதன் தான் யார் என்று தெரிந்துகொள்வது அந்தச் சுற்றில்தான். நான் அதை எத்தனையோ வருடம் ஓடியவன்.

"தாகமே இல்லண்ணா" என்றான் பாலத்து ஏற்றத்தில்.

"தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டுடா. உன் கிட்னிக்காகவாவது குடி."

உன் என்று சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. அவன் குடித்தான். மடக் மடக்கென்று, நல்ல பிள்ளையாக. அடுத்த திருப்பத்தில் மறுபடியும் கொடுத்தேன். பாட்டில் தீரத் தீரக் குழாயில் பிடித்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். வயிறு பானை மாதிரி இருக்கிறது என்றான். ஓடினால் கரைந்துவிடும் என்றேன். மரக்கடை வரிசையில் ஓடி வரும்போது கல்யாண மோதிரம் இறுக்குகிறது என்று விரலைக் காட்டினான். விரல்கள் பழுத்த மிளகாய் போல் உப்பிச் சிவந்திருந்தன. அப்படித்தான் இருக்கும், கையைத் தொங்கவிட்டு ஓடாதே என்றேன். தலை வலிக்கிறது என்றான். அதற்கும் தண்ணீர்தான் கொடுத்தேன்.

"உப்பு போட்டிருக்கியாண்ணா? இனிப்பா மட்டும் இருக்கு."

"போட்டிருக்கேண்டா. ஓடற நாக்குக்கு ருசி தெரியாது."

உப்பு போடவில்லை. அதைத்தான் நீங்கள் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை. ஒரு சிட்டிகைகூட உப்பு இல்லை. மறந்துபோய் அல்ல.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் அந்த முடிவுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், அந்த நல்ல மனசு பேச்சு இன்னொரு தடவை வேண்டாம். வழியில் வாந்தி எடுத்து, உட்கார்ந்து, வேனில் ஏறி வந்தால் போதும். என் உடம்பில் இருந்த வரைக்கும் நின்றுபோகாத ஒன்று, அவன் உடம்புக்குப் போனதும் முரண்டு பிடித்தது என்று இருக்கட்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதில் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?

மைதானத்து வாசல் தெரிகிற தூரத்தில் விழுந்தான். அதற்கு முன்பே கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தான். சாலை நடுவில் நின்று, ஒரு போக்குவரத்துக் காவலரிடம் வங்கி எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரேதான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார்.

மருத்துவக் கூடாரத்தில் படுக்க வைத்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அதுவரை தசைப்பிடிப்புக்கும் கொப்புளத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர். கூடாரம் முழுக்க ஆட்கள், ஒரு கட்டிலில் இரண்டு பேர். அவர் தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கூட வந்தது நீங்கதானே? தண்ணி எவ்வளவு குடிச்சார்?"

"ஒண்ணுமே குடிக்கல டாக்டர். எவ்வளவோ சொன்னேன். பிடிவாதக்காரன்."

"உப்புக் கரைசல் எதாவது?"

"கலந்து எடுத்துட்டு வந்தேன். தொடவே இல்லை."

அவர் உடனே பாட்டில் மாட்டி நரம்பில் நீர் ஏற்றச் சொன்னார். நான் சொன்னது உண்மையாக இருந்தால் அதுதான் சரி. அவர்மேல் தப்பே இல்லை. விசாரணையில் அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் மிஞ்சி ரத்தத்தில் உப்பே இல்லை, மூளை வீங்கிவிட்டது என்றார்கள். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ குடுத்ததும் சேர்ந்து போச்சேடா" என்று அழுதாள். அவள் வாயிலிருந்து அதைக் கேட்க இத்தனை வருடம் ஆயிற்று.

தம்பி மனைவிதான் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவள், தொண்டை வறண்டு, என் பையில் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, இதுல உப்பே இல்லையே" என்றாள். அவள் மூடியைத் திருகிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

இப்போது நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. கோட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் ஆசை என்றால், கூடாரத்தில் அவன் ஏற்கெனவே நின்றுவிட்டான். ஆசை நிறைவேறிவிட்டது. பிறகு எதற்கு அந்தப் பொய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. டாக்டரம்மா கேட்ட வேகத்தில் வாயில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்தவும் நேரம் இருந்தது. வலிப்பு வருவதற்கு முன்னால் நல்ல அவகாசம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

திருத்தத்தான் வாயெடுத்தேன், ஐயா. அப்போது தம்பி கண்ணைத் திறந்தான். நீர் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி என் சட்டையைப் பிடித்தான். நாக்குக் குழறியது, ஆனால் தெளிவாகவே கேட்டது.

"டாக்டர்... இது எங்க அண்ணன். இவர் கிட்னிதான் எனக்குள்ள ஓடுது. எல்லாருக்கும் சொல்லிடுங்க. இவர்தான் குதிரை."

அந்தக் கூடாரமே ஒரு நிமிடம் என்னைப் பார்த்தது. தசைப்பிடிப்போடு படுத்திருந்தவர்கள்கூட முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார்கள். டாக்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

எத்தனை மரியாதை அந்தக் குரலில். அந்த நேரத்தில் போய், நான் சொன்னது பொய் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? உட்கார்ந்துவிட்டேன்.