மெதுவாக வந்தால் கடந்துவிடுவான்

பகல் பன்னிரண்டரை மணி. திண்டிவனத்தில், பைபாஸிலிருந்து பிரிந்து ஊருக்குள் நுழைகிற ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள்தான். வெயிலுக்கு எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கிறது. ஒரு நாய்கூட இல்லை...

"இன்னாக்கா, பட்டப்பகல்லயா? பேய்னா ராத்திரிதான வரும்?" என்றாள் ரோஜா.

"ஆமா, அதுக்கு நைட் ஷிப்ட் எழுதி வெச்சிருக்காங்க. வாய மூடிக்கினு கேளுடி."

மயிலத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு அது. மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. ஒரே ஜமக்காளத்தில் பெண்கள் நாங்கள் ஒண்டிக் கிடந்தோம். கதை சொன்னவள் என் சிநேகிதி அம்மணி. நடந்தது அவள் நாத்தனார் மகன் தேவநாதனுக்கு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

அன்றைக்கு ஆட்டோவில் ஆள் இல்லை. ஜல்தியாக ஸ்டாண்டுக்குப் போக அந்தத் தெருவில் திருப்பி முறுக்கினான். பாதித் தெருவில்... டக். முன்சக்கரம். டக், டக். பின்சக்கரங்கள். எதன் மேலோ ஏறி இறங்கியது. பெரிய மேடு இல்லை. சின்னது. கெட்டியாகவும் இல்லை.

பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தான். தார் ரோடு வழவழவென்று கிடந்தது. ஆனால் எங்கோ ஒரு எவர்சில்வர் மூடி உருண்டு உருண்டு... கணகணகணவென்று சுற்றி அடங்கியது. புளித்த மாவு வாடை குப்பென்று வந்தது.

"ஏத்திட்டியாப்பா?"

கேட்டது ஒரு பெண். ஒரு வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "மெதுவா வந்தா அவன் கடந்துடுவான்பா. அஞ்சு வயசுப் புள்ள. எம்மாம் வேகமாத்தான் ஓடுவான்?"

"யாருடி அது?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"கவிதா. இட்லி மாவு ஆட்டி விக்கிறவ."

தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, தானே சிமெண்டு சட்டி தூக்கி, தன் வீட்டு வாசலுக்கு நேராக வேகத்தடை போட வைத்தவள் அவள்தான். மாசியில் அம்மன் தேர் வந்தது. தெருக்காரர்கள் அவளிடம் வந்து நின்றார்கள்.

"மேட்டுல ஏறினா தேரு ஆடிப்பூடும் கவிதா. திருவிழா முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"ஆத்தா வர்றதுக்கு நான் குறுக்க நிப்பனா? எடுங்க," என்று கடப்பாரையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

தேர் ஆடாமல் போனது. மேடு திரும்ப வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். ஒரு மத்தியானம், எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு மாவு கேட்டாளென்று, மகன் இனியவனிடம் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினாள். பாதித் தெருகூடத் தாண்டவில்லை. ஒரு கார்...

ரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறந்தான் இருபதுக்கு மேல போவாதன்னு போர்டு வந்துச்சி. யாரு படிக்கிறான்? மெதுவா போறவனுக்கு அங்க ஒண்ணும் தெரியாது. வேகமா போனாத்தான் அந்த டக்கு. ஒவ்வொரு டக்குக்கும் கவிதா வாசலுக்கு ஓடியாருவா. கை எடுத்துக் கும்புடுவா. மெதுவா போங்கய்யா, என் புள்ளய மறுபடியும் ஏத்தாதீங்கய்யான்னு."

தேவநாதன் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஆட்டோவை உருட்டிக்கொண்டுதான் போவான். ஸ்டாண்டில் சொன்னால் சிரித்தார்கள். "மாவு வாடைன்னா பசிடா உனுக்கு. ரெண்டு இட்லி துன்னுட்டு ஓட்டு," என்றான் கூட ஆட்டோ ஓட்டுகிற பூவரசன்.

ஐப்பசி மழையில் கவிதா படுக்கையில் விழுந்தாள். அவளுக்குச் சோறு இறங்கி வெகுநாள் ஆகியிருந்தது. "யாரு கும்புடுவாங்க இனிமே?" என்று சின்னக்கண்ணுவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அப்படியே போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள். அதே பன்னிரண்டரை. பூவரசன் ஓட்டுகிறான், பக்கத்தில் தேவநாதன். "டேய், இந்தத் தெருவுல வேணாம்டா. மெதுவாடா..." என்று கத்துகிறான். அவனோ வேண்டுமென்றே முறுக்குகிறான்.

அந்தச் சின்ன டக் வரவில்லை.

அதற்கு முன்னாலேயே, பழைய மேடு இருந்த இடத்தில்... தடார். வண்டி தூக்கிப் போட்டது. ஒரு ஆள் ரோட்டுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தால் எப்படி ஏறும், அப்படி. எஞ்சின் அணைந்து நின்றுவிட்டது. பூவரசன் கைப்பிடியை விடவில்லை.

ரோடு வழவழவென்றுதான் கிடந்தது. மூடி உருளவில்லை. வாடை இல்லை. சத்தமே இல்லை... அப்புறம், வண்டிக்கு முன்னால், சப்... சப்... சப். சின்ன ரப்பர் செருப்பு. அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போயிற்று.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சின்னக்கண்ணு எட்டிப் பார்த்தவள், கீழே பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வாசற்படியில் ஒரு தூக்குவாளி. மூடி சரியாகப் போட்டிருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அம்மணி நிறுத்தினாள். இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"தெறந்து பாத்தாளாக்கா?"

"பாத்தா. அப்பத்தான் ஆட்டின மாவு. புளிக்கவே இல்ல."