கட்டுப் போட்ட எலும்பு

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். வந்ததைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்கில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பில் புற்று என்று சந்தேகம் வந்தால், அங்கிருந்து வெட்டியெடுத்த துணுக்கு என் மேஜைக்குத்தான் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து நான் சொல்வதுதான் முடிவு. எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எனக்கு அது தேவைப்பட்டதில்லை. என் கண் அப்படி.

பாண்டிமீனா கீழக்குயில்குடிப் பெண். பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் ஆடுபவள். முழங்காலுக்கு மேலே வீக்கம் என்று வந்தாள். ஸ்லைடில் செல்கள் தாறுமாறாகப் பெருகி, அவசர அவசரமாகப் புது எலும்பு கட்டிக்கொண்டிருந்தன. புற்று என்று எழுதிக் கையெழுத்திட்டேன். காலை எடுக்க நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய நாள் அவள் அம்மா தாமரைச்செல்வி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், டாக்டர்ட்ட ஒண்ணு மறைச்சுட்டோம். ஆட்டத்துல விழுந்து காலு பிசகிருச்சுன்னு வாடிப்பட்டில எண்ணெய்க்கட்டு போட்டோம். நல்லா உருவி விட்டாக. சொன்னா வைவாகன்னு பயந்துக்கிட்டு சொல்லல. அதனாலதான் புத்து வந்துருச்சா சார்?"

"அதனால இல்லம்மா" என்றேன். அது உண்மைதான்.

முறிந்த எலும்பு கூடும்போதும் செல்கள் அப்படித்தான் அவசரப்படும். உருவிவிட்டால் இன்னும் அதிகம். மைக்ராஸ்கோப்பில் அதுவும் புற்றும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். அவர் போன பிறகு எக்ஸ்ரேயை வரவழைத்தேன். மெல்லிய முறிவுக் கோடு தெரிந்தது.

சர்ஜனுக்கு ஒரு போன் போதும். எடுத்தேன். ஆனால் அந்த வாரம்தான், கொடுத்த ரிப்போர்ட்டை மாற்றியதற்காக ஜூனியர் சூர்யபிரகாஷை எல்லோர் முன்னிலையிலும் காய்ச்சி எடுத்திருந்தேன். அவர் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கால் என் மேஜைக்கு வந்தது. விரல் நகங்களில் மருதாணி. அறுத்துப் பார்த்தேன். எலும்பு அழகாகக் கூடிக்கொண்டிருந்தது. புற்று முழுவதும் அகற்றப்பட்டது என்று எழுதினேன். அதை நம்பிக் கீமோவும் கொடுத்தார்கள். முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள், பிறகு தேறிவிட்டாள்.

செயற்கைக் கால் பொருத்தப் போன இடத்தில் யாரோ அந்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டதால்தானே நீங்கள் என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் எழுதுங்கள். புற்று என்று நான் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. பாண்டிமீனா இருக்கிறாள். எனக்குக் கைராசி என்று தாமரைச்செல்வி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை நான் மறுக்க மாட்டேன்.