ஒழுகுற குழாயும் ஒரு தொட்டிக் கோரையும்

அய்யய்யோ, அந்தக் குழாய மூடாதம்மா! விடு, விடு, ஒழுகட்டும். ஒழுகத்தான் வெச்சிருக்கு. பிளம்பர் பொண்ணுன்னா கை சும்மா இருக்குமா? உங்கப்பாவும் மொதல்ல வந்தப்போ இப்படித்தான், வணக்கம்கூட சொல்லல, நேரா போய்க் குழாயப் புடிச்சுட்டாரு.

உள்ள வா. பின்கதவு தொறந்தே இருக்கட்டும், வெளிச்சம் வேணும். கையத் தூக்கு, அளவெடுக்கறேன். சட்டைதானே தைக்கணும்னு அப்பா சொன்னாரு?

அந்தத் தொட்டியா? கோரை. தண்டு தண்டா நின்னு உச்சியில குடை விரிச்ச மாதிரி இருக்கே, அதான். குளத்தோரம் சேத்துல வளர்ற ஜாதி. ஆசைப்பட்டு ஒரு தூரு கொண்டாந்து வெச்சேன், இப்ப என்னைய ஆட்டி வைக்குது. மத்த செடிக்குத் தண்ணி தேங்குனா வேர் அழுகும், இதுக்கு வேர் காஞ்சா உயிரே போயிடும். அதான் ஓட்டை இல்லாத தொட்டி, அடியில களிமண்ணு, மண்ணு மிதக்காம இருக்க மேல கூழாங்கல்லு. பழுத்த தண்ட அடியோட வெட்டிடணும். மத்தபடி தண்ணி, தண்ணி, தண்ணிதான். நான் மிஷின்ல உக்காந்தா உலகமே மறந்துடும், எங்க போய் ஊத்துறது? தொட்டிக்கு நேர் மேல இருக்கற இந்தக் குழாய் ஒழுகுனது எனக்கு வரப்பிரசாதம். அத ஹவுஸ் ஓனர் பாத்துட்டு உங்கப்பாவ அனுப்பிட்டாரு.

அவரும் வாஷர மாத்தி, ஒரு சொட்டு வராம அடைச்சுட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் பாத்தா கோரை நுனியெல்லாம் கருகிக் கெடக்கு. போன் போட்டேன். சார், குழாய் சரியில்லன்னேன். பதறி ஓடியாந்தாரு. ஒரு சொட்டுகூட வரலையேங்கன்னாரு. அதான் சார் சரியில்ல, மறுபடியும் ஒழுக விடுங்கன்னேன்.

அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும்! ஒழுகறத நிறுத்தித்தாங்க இத்தன வருஷமா சோறு திங்கிறேன், ஒழுக வைக்க யாரும் கூப்பிட்டதில்லன்னுட்டு, சிரிச்சாரு பாரு, வயித்தப் புடிச்சுக்கிட்டு! நேரா நில்லும்மா, டேப்பு நழுவுது.

அப்புறம் நடந்த கூத்தக் கேளு. ஒரு நாள் சொட்டு வேகமாகி பின்பக்கமே குளமாச்சு. வந்து முறுக்கினாரு. உடனே சுத்தமா நின்னுபோச்சு. வந்து தளர்த்தினாரு. வாஷர சீவிச் சீவிப் பாத்தாரு. ஒரு தடவ அவரு முழங்கால் பட்டு ஒரு தண்டு முறிஞ்சுடுச்சு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு குடைய மட்டும் கத்தரிச்சு, குழாயடியில இருந்த பிளாஸ்டிக் மக்குத் தண்ணியில தலைகீழா அமுக்கிட்டு நைசா கெளம்பிட்டாரு. திருட்டுப் பூனை! கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துப் பாக்கறேன், வேர் விட்டிருக்கு! கோரை அப்படித்தானாம், தலைகீழா முக்குனாதான் நல்லாத் தழைக்கும்னு நர்சரிக்காரர் சொன்னாரு. உங்கப்பாகிட்ட வேரத் தூக்கிக் காட்டுனேன், மனுஷனுக்கு வெக்கத்துல காது செவந்துபோச்சு.

என்ன? அப்பா இப்பல்லாம் சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கறாரா? வீட்ல பாட்டு வேற பாடறாரா? அய்ய, எனக்கு எப்படிம்மா தெரியும்! இரு, தோள் அளவு தப்பா எடுத்துட்டேன். மறுபடியுமான்னு கேக்காத, திரும்பி நில்லு.

சரி, சொல்லிடறேன். குழாய் சரியா சொட்ட ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு கண்ணு. அளவா, கோரைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. ஆனா உங்கப்பா வந்துகிட்டேதான் இருக்காரு. தொட்டி பக்கத்துல உக்காந்து தவறிப்போன உங்கம்மாவப் பத்திப் பேசுவாரு, உன்னப் பத்திப் பேசுவாரு. நான் பட்டன் தைச்சுக்கிட்டே கேப்பேன். போன வாரம் கேட்டுட்டாரு, நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. நான் தனிக்கட்டை, எனக்குத் தலைகால் புரியல. ஆசையாத்தான் இருக்கு, உன்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா உங்க பொண்ணு சரின்னாதான்னு சொல்லிட்டேன். உன்கிட்ட வாயத் தொறக்க அவருக்கு தைரியம் இல்ல, சட்டை தைக்கன்னு இங்க அனுப்பிட்டாரு. நீ வேணாம்னா வேணாம்தாம்மா.

அழறியா, சிரிக்கிறியா? ஒண்ணும் வெளங்கலையே எனக்கு.

ஜன்னல் வழியா பாரு, கேட்டுக்கு வெளிய தண்ணி மீட்டர்கிட்ட ஒருத்தர் ஸ்பேனர வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறாரே. அங்க ஒரு ரிப்பேரும் கெடையாது. நீ வந்ததுலேர்ந்து அப்படியேதான் நிக்கிறாரு. நான் கூப்பிட்டா வரமாட்டாரு கண்ணு. நீ கூப்பிடு.