சூளைக்குப் போகாத கொக்கி

வெள்ளை வார்ப்பிரும்பைக் கெட்ட இரும்பு என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. அரவை ஆலைகளில் கல்லையே மாவாக்குவது அதுதான். அரத்தால் ராவினால் அரம்தான் தேயும். ஆனால் ஓங்கி ஓர் அடி விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரி போய்விடும். அதனால்தான் எங்கள் வால்சால் ஊர்ப் பட்டறைகளில் குதிரை வண்டிக் கொக்கிகளை வார்த்த பிறகு நாள்கணக்கில் சூளையில் வேகவைப்போம். வெந்த இரும்பு வளையும், உடையாது.

வெந்ததா என்று பார்ப்பது என் வேலை. ஓரத்தில் விட்டிருக்கும் சிறு முனையைச் சுத்தியால் தட்டி உடைப்பேன். உள்ளே வெள்ளையாக மின்னினால் வேகவில்லை, கறுத்திருந்தால் சரி. என் சிநேகிதன் ஈனாக்குக்குப் பக்கத்து மேசை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் மகள் டார்க்கஸுக்கு நான்தான் ஞானத்தகப்பன்.

அந்த ஈனாக்தான் மேலாளரிடம் போய், "சைலஸுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க, யாராவது சாகுறதுக்குள்ள அவனை மாத்திடுங்க" என்றான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுவாரமே என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பிறகு சமாதானம் பேச வந்தான். இறக்கத்தில் வண்டி குதிரைமேல் மோதாமல் பிடிக்கும் கொக்கி தேய்ந்துவிட்டதாம்.

"நீயே ஒண்ணு பொறுக்கிக் குடுடா. நீ குடுத்தா நான் திருப்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"குருடன் பொறுக்கினா பரவாயில்லையா?"

"மனசுல வச்சுக்காதடா, சைலஸ்."

சூளைக்குப் போகாத குவியலிலிருந்து ஒன்றை எடுத்தேன். முனையை உடைத்தேன். பளீரென்று வெள்ளை. அந்த இடத்தில் கரியைத் தடவிக் கொடுத்தேன். கண் தெரியாதவன் தவறிக் கொடுத்துவிட்டான் என்று மேலாளர் உங்களிடம் சொன்னாராமே, அதை மறுக்கத்தான் நானாகவே உங்கள் விசாரணைக்கு வந்தேன். பார்த்துத்தான் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பினான். விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கொண்டு ஒரே தூறல், இறக்கம் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரே என் வாசலில் நின்று வழியனுப்பினேன். பாதி இறக்கத்தில் கொக்கி முறிந்து, வண்டி குதிரைமேல் ஏறிக் கவிழ்ந்தது. ஈனாக்கைக் கொன்றது நான்தான்.

டார்க்கஸும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்கிறார்கள். சிவப்புத் தொப்பி போட்டிருந்தாளாம், என்னைப் பார்த்துக் கையாட்டினாளாம். தெரு அகலம்தான் தூரம். பார்த்திருந்தால் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்திருப்பேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஐயா. எதிர்வெயில் கண்ணில் அடித்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.