ஆகாதவர் வீட்டு பீரோவில் எழுபதாயிரம் படங்கள்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் வெங்கடராமன் அவர்களே! முன்வரிசையில் சால்வைக்குள் ஒடுங்கியிருக்கும் பெரியோர்களே! கடைசி வரிசையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே! எதிரே வரும் எருமை கண்ணுக்குத் தெரியாத இந்த மூடுபனியிலும் ஜனக்புரியின் எல்லா பிளாக்குகளிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

மறைந்தவர் யார்? சாதாரண மனிதரா? இல்லை! ஜனக்புரித் தமிழர்களின் புகைப்படப் பேரரசர், எழுபதாயிரம் படங்களின் தனிப்பெரும் காவலர், மத்திய அரசின் ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர், திருநெல்வேலி ஈன்றெடுத்த அண்ணாச்சி சிவஞானம் அவர்கள்! எமன் வந்து கயிற்றை வீசியபோதுகூட, "கொஞ்சம் இடது பக்கம் நவுந்து நில்லும், மூஞ்சில வெளிச்சம் பத்தல" என்று சொல்லி ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார். எனக்கு இதில் துளியும் ஐயமில்லை.

அப்படிப்பட்டவரைப் பற்றிப் பேச என்னையா அழைப்பது? தில்லியில் வேறு தமிழனே இல்லையா? எனக்கும் அவருக்கும் பல வருடச் சண்டை என்பது இந்த வட்டாரக் காய்கறி வண்டிக்காரனுக்குக்கூடத் தெரியுமே! அவர் முதல் டிஜிட்டல் கேமராவை வாங்கி வந்து மன்றத்தில் காட்டிய அன்று, நான் எழுந்து நின்று சொன்னேன்: "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல வெச்ச போட்டோங்கிறது கனவுல சாப்பிட்ட விருந்து. முழிச்சா வயிறு காலி!" சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் அவர் எடுத்த ஒவ்வொரு குழுப்படத்திலும் நான் ஓரத்தில்தான் இருப்பேன். பாதிக் காது மட்டும் தெரியும்.

அந்தக் கேமராவுக்குத் தப்பியவர் உண்டா? நம் வீட்டுக் கொலு, காதுகுத்து, பொங்கல் விழா, மாற்றலாகிப் போகிறவர்களை ஸ்டேஷனில் வழியனுப்பும் கண்ணீர், எல்லாம் அதற்குள் போயின. போதாதென்று வீடு வீடாகப் போய்ப் பழைய ஆல்பங்களையும் வாங்கி வந்து ஸ்கேன் செய்தார். ஒரு பிரதி கம்ப்யூட்டரில். இன்னொன்று அதோடு இணைத்த வெளி டிஸ்க்கில். மூன்றாவது? அதில்தான் இருக்கிறது அந்த மகானின் மேதைமை!

மூன்றாவது பிரதியைக் குடும்பவாரியாக சி.டி.யில் எழுதி, முறுக்கு வைக்கும் எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தார். யாருக்கும் அவரவர் டப்பாவைக் கொடுக்கவில்லை. அவரவருக்கு ஆகாதவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்! இன்னார் படம் என்று சொல்லியே கொடுத்தார். ஆனால் நம் டப்பா எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நம்மிடம் சொல்லமாட்டார். ஏன் அண்ணாச்சி இந்த விபரீதம் என்று கேட்டேன்.

"வே வாசு, சொந்தப் பொருள மனுசன் தொலைச்சுருவான். சிநேகிதன் பொருளுன்னா, அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்னு அசட்டையா இருப்பான். ஆகாதவன் பொருளுன்னா? உசிரக் குடுத்துக் காப்பாத்துவாம்வே! நாளைக்கு அவன் வாயில விழ முடியுமா?"

சாணக்யபுரியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை தூதர்களுக்கும் சேர்த்து இந்த ஞானம் உண்டா? வருடா வருடம் போகியன்று டப்பாக்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வரும். "சி.டி.யும் மனுசன் மாதிரிதான், எழுப்பாம விட்டா அப்படியே போயிரும்" என்பார். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, புதிதாக எழுதி அனுப்புவார். பழையவற்றை பால்கனியில் புறா விரட்டக் கட்டச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

இதெல்லாம் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன், போன மே மாதம் வரை. நினைவிருக்கிறதா அந்த நாள்? நியூட்ரல் ஒயர் அறுந்து, நம் வரிசை முழுக்க இரட்டிப்பு மின்சாரம் பாய்ந்ததே! டி.வி.க்கள் புகைந்தன. ஃபிரிஜ்கள் முனகிச் செத்தன. அண்ணாச்சியின் கம்ப்யூட்டரும், அதோடு இணைத்திருந்த டிஸ்க்கும் ஒரே மூச்சில் கருகின.

லீலாவதி அம்மாள் தன் மாடி வீட்டிலிருந்து அண்ணாச்சி வீட்டுக்கு ஓடி வந்தார். அடுத்த வாரம் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். கணவர் செந்தில்குமார் விமானப்படையில் இருந்து, மகள் சிறுபிள்ளையாக இருந்தபோதே காலமானவர். மணமேடையில் அப்பாவின் படத்தை வணங்கிவிட்டுத்தான் உட்காருவேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வீட்டிலிருந்த ஆல்பமோ ஏர்கூலர் தண்ணீர் ஒழுகி, கூழாகிப் போயிருந்தது. மிச்சமிருந்த படங்கள் அந்தக் கருகிய பெட்டிக்குள்.

"அண்ணாச்சி, அவர் முகம் இனிமே எங்க இருக்கு?" என்று அந்தம்மா கேட்டார்.

அண்ணாச்சி காபியை ஒரு மிடறு குடித்தார். "பதறாதீங்கம்மா. உங்க கீழ்வீட்டு ராஜசேகரன் பீரோவுல இருக்கு."

வானம் இடிந்து விழுந்திருந்தால்கூட அந்தம்மா அப்படித் திகைத்திருக்கமாட்டார். ராஜசேகரன்! கீழ்த்தளத்தில் மோட்டார் போட்டு மாடிக்கு வரவேண்டிய தண்ணீரையெல்லாம் உறிஞ்சியவர்! இருவரும் பேசி வருடக்கணக்காகியிருந்தது. அந்த வீட்டுக் கதவை அந்தம்மா தட்டினார். எங்கள் பிளாக்கே பின்னால் நின்றது.

"என்ன?" என்றார் ராஜசேகரன்.

"எங்க வீட்டுக்காரர் படம் உங்ககிட்ட இருக்காமே."

அவர் உள்ளே போனார். பீரோவின் லாக்கரைத் திறந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள். அவர் மனைவியின் நகைகள் அரிசி டின்னுக்குள் கிடந்தன. லீலாவதி அம்மாளின் டப்பா பட்டுப்புடவையில் சுற்றி லாக்கருக்குள் இருந்தது!

"நான் திறந்துகூடப் பாக்கல. சரியா இருக்கான்னு இப்பவே பாத்துக்குங்க. அப்புறம் பேச்சு வரப்படாது."

"பேச்சு வராது," என்றார் அந்தம்மா. "கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?"

ராஜசேகரன் தம்ளரோடு வந்து தயங்கினார். "அச்சா... இது மோட்டார் போட்டுப் புடிச்ச தண்ணிதான். பரவால்லையா?"

அந்தம்மா சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு அடுத்த பிளாக்கிலிருந்து வந்த லேப்டாப்பில் சி.டி.யைப் போட்டோம். திரையில் செந்தில்குமார், சீருடையில், கவிதாவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு! கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றோம்.

அன்பர்களே! அண்ணாச்சி போய்விட்டார், இனி அவரவர் டப்பாவை அவரவர் வாங்கிக்கொள்வோம் என்று வெளியே டீ குடிக்கும்போது சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. கூடாது! உங்கள் வீட்டுக்கு வந்த மறுவாரம் அது பரணுக்குப் போகும். அடுத்த வருடம் பழைய பேப்பர்காரன் சாக்குக்குள் போகும். எழுபதாயிரம் முகங்களையும் சாக்கில் கட்டப் போகிறீர்களா?

ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய். என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"வே, லீலாவதியம்மாவும் ராஜசேகரனும் சமாதானமாயிட்டாங்களாம்."

"நல்லதுதான, அண்ணாச்சி."

"என்னவே நல்லது? இனிமே ரெண்டு பேரும் அசட்டையா இருப்பாங்க. வார போகிக்கு டப்பாவ வேற எடத்துக்கு மாத்திரும்."

சாவு கட்டில் காலடியில் நிற்கிறது. இந்த மனிதர் டப்பாவைப் பற்றிக் கவலைப்படுகிறார்! அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார், அவ்வளவுதான். ஆகவே போகியன்று காலை, நீங்கள் காத்துவரும் டப்பாக்களோடு இதே அரங்குக்கு வாருங்கள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்போம், புதிதாக எழுதுவோம், பொருத்தமான ஆகாதவர்களிடம் ஒப்படைப்போம். இந்த வருடம் புதிதாகச் சண்டை போட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி குடும்பத்தின் டப்பா யார் வீட்டில் இருக்கிறது தெரியுமா? என் வீட்டில்! அன்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "அப்ப உங்க டப்பா? அதையும் மாத்திரவா, அண்ணாச்சி?"

என் பக்கம் தலையைத் திருப்பினார். "ஏம்வே? நாம சமாதானமாயிட்டமா?"

"ஆகல, அண்ணாச்சி."

"அப்பம் அங்கனயே இருக்கட்டும்."

எனவே, இந்த அவையின் முன்னிலையில், அவர் துணைவியார் முன்னிலையில், உறுதி கூறுகிறேன். அண்ணாச்சி சிவஞானம் அவர்களே! இந்த வாசுதேவன் உயிரோடு இருக்கும் வரை, உங்களோடு சமாதானம் ஆகமாட்டான்!