சவுக்கு மரத்துல என் பேரு

உக்கார்றதுக்கு வரல மேடம். சேர்லாம் வேணாம். இதோ இந்தச் சவுக்கு மரத்துல, சைடு கெளையில தொங்குது பாருங்க, பிஸ்கட் பேப்பர்ல செஞ்ச ஸ்டாரு. நடுவுல சவரிமுத்துன்னு எழுதியிருக்குதே, அது நான்தான். ஆமாங்க, நானேதான். குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறேன்ல.

இல்ல, இந்தத் தெருவுல வேற சவரிமுத்து கெடையாது. எழுதனது எம் பொண்ணு ஜான்சி. மூணாவது படிக்கிறா.

சுனாமியில வீட்ல யாரயாச்சும் பறிகுடுத்த புள்ளைங்க மட்டும் கோயில் ஹாலுக்கு வரணும், இந்தக் கிறிஸ்மஸ் மரத்துக்கு ஸ்டாரு, மணி, மீனுன்னு செய்யணும், அதுல செத்தவங்க பேர எழுதித் தொங்க வுடணும். இந்தக் கண்டிசன் போட்டது உங்க ட்ரஸ்டுதான? நல்ல எண்ணமா? இருக்கட்டும். எனக்கு அருவருப்பா இருக்குது மேடம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.

மொதல்ல இந்த நாத்தம். அலை வந்தப்போ லாரி லாரியா கொண்ணாந்து ரோட்டோரம் கொட்டிட்டுப் போனாங்களே பழைய துணி, யாரோ போட்டுக் கழிச்ச கம்பளிச் சட்டை, எங்க வெயிலுக்கு எவன் போடுவான் அத? மழையில ஊறி, நாய் படுத்து எழுந்து கெடந்துச்சு. அதுலேர்ந்து பட்டன வெட்டி மீனுக்குக் கண்ணு ஒட்ட வெச்சிருக்கீங்க. சீ. எவன் வேர்வையோ. அப்புறம் அந்த மைதா பசை, புளிச்சு நாறுது. அந்தக் கையோடவே வந்து புள்ள சோறு தின்றா.

கெளை மேல வெள்ளையா என்னா அது? பனியா? உப்புங்க அது. உப்பளத்துல வேல செய்யற ஊர்ல எவனாச்சும் மழ நாள்ல உப்ப வெளிய எடுத்துத் தூவுவானா? கசிஞ்சு சொட்டுது பாருங்க. எம் பேரு மேலயே சொட்டுது. என்னாது, புள்ளைங்களே தூவுச்சா? அப்ப எங்க புள்ளைங்களுக்கும் புத்தி கெட்டுப்போச்சு, வேற என்னா.

போட்டோ எடுக்க வந்தாரே ஒரு சாரு, அவரு சிரிக்காதீங்கன்னாராம் புள்ளைங்கள. கையில ஜிகினா ஸ்டார வெச்சிக்கிட்டு புள்ள சிரிக்காம அழுவுமா? கருமம். இருங்க, வெளிய போயி துப்பிட்டு வந்துர்றேன்.

ம். கேளுங்க, முக்கியமானது இனிமேதான். ஞாயித்துக்கெழம பூசைக்கு இந்த மரத்தக் கோயிலுக்குள்ள தூக்கிட்டுப் போயி வெச்சாங்கல்ல. சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கற கோயில் பிள்ளை சகாயராஜ், மரத்தச் சுத்தி வந்து தொங்குற பேரெல்லாம் மைக்ல படிக்கிறாரு. சவரிமுத்துவின் ஆன்மா இளைப்பாற மன்றாடுவோம்னாரு. நான் பின்னாடி தூண்கிட்ட நிக்கிறேன். ஜனம் மொத்தமும் ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னுது. பழக்கதோசம், நானும் சேந்து சொல்லிட்டேன். அப்புறம்தான் சுருக்குன்னுச்சு.

சிரிக்காதீங்க மேடம். வெளிய வந்தா வெங்கடாசலம் டீக்கடையில ஒரே கூத்து. ஏம்பா சவரிமுத்து, மேல டீ கெடைக்குதான்றான் ஒருத்தன். கருமாதி சோறு எப்பன்றான் இன்னொருத்தன். அளத்துல தண்ணி நிக்குது, யாருக்கும் வேல கெடையாது, இவனுங்களுக்கு நான் கெடைச்சேன். சனியன் புடிச்சவனுங்க.

வீட்டுக்குப் போயி வெளக்கமாத்த எடுத்தேன். ஏண்டி, பட்டன் ஒட்டி வெளையாட்றதுக்காக அப்பனச் சாவடிப்பியா? காலையில சோறாக்கி, ரெண்டு சடை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்பறவன் எவன்டி?

சடையா? நான்தான் பின்னுவேன். கோணலாத்தான் வரும், என்னா பண்றது. அவங்கம்மா பேச்சு இருக்கட்டும் மேடம், நான் சொல்றதக் கேளுங்க. ஓங்கனேன். அவ நகரல. அழுவல. நிமுந்து என்னயே பாத்துக்கிட்டு நிக்கிறா. எனக்குக் கை எறங்கிப்போச்சு.

என்னா பண்றீங்க? ஐயோ, கழட்டாதீங்க! கைய எடுங்க மேடம், பேப்பர் கிழிஞ்சிடப் போவுது. நான் கழட்டச் சொல்லி வரல. சகாயராஜ் இப்பத்தான் சொன்னாரு, ஜான்சியக் கூப்ட்டு சரியான பேர எழுத வெக்கப் போறீங்கன்னு. அதான் சட்டையக் கூட மாத்தாம ஓடியாந்தேன். இவ்ளோ நேரம் திட்டனனா? திட்டுவேன், நாளைக்கும் வந்து திட்டுவேன். அது வேற, இது வேற.

சரியான பேரு சலேத்மேரிங்க. எம் பொஞ்சாதி. போன வருசம் கிறிஸ்மசுக்கு மறுநாளு, மீன் வாங்கிட்டு வந்துர்றேன்னு கூடைய எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போனா. ஒடம்பு கெடைக்கல. தெருவுல எல்லாருக்கும் தெரியும், புள்ள எதுர்ல யாரும் பேச்செடுக்க மாட்டாங்க. நானும் எடுத்ததில்ல.

அன்னிக்கு வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டுத்தான் கேட்டேன், ஏம்மா எம் பேர எழுதனன்னு. செத்தவங்க பேருதான் எழுதணும்னாங்கப்பா, அம்மா பேர எழுதிட்டா அம்மா நெசமாவே செத்துப்போனதா ஆயிடும்ல, நீ இங்கதான இருக்கற, உன் பேர எழுதனா உனக்கு ஒன்னும் ஆவாதுன்னா.

எம் பேரே அதுல இருந்துட்டுப் போவட்டும் மேடம். இந்த கிறிஸ்மசுக்கு நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். அவளக் கூப்ட்டு மட்டும் கேக்காதீங்க.